பூண்

நடந்ததை வரிசையாக எழுதினால் இப்படி வரும்.

1. எங்கள் தெருமுனை மளிகைக் கடைக்காரருக்குக் கடைசல் பட்டறை அக்கா ஒரு மரப் புல்லாங்குழல் கொடுத்தார். நான்கு பித்தளைப் பூண் போட்டது. பார்க்க நகை மாதிரி இருந்தது. அடுத்த பொங்கலுக்கு மளிகைக் கடைக்காரர் இல்லை.
2. ஓய்வு பெற்ற தமிழ் டீச்சருக்கு இரண்டு பூண் போட்டது கொடுத்தார். டீச்சரும் போய்விட்டார்.
3. கறிக்கடை பாய்க்கு ஒன்று கொடுத்தார். பாய் இன்றைக்கும் கறி வெட்டுகிறார்.
4. அக்கா வந்தால் தெருவில் பேச்சு நின்றது.
5. அக்காவின் குழல்களை நான் ஒலிப்பதிவு செய்தேன். ஒரு பதிவில் பேச்சும் கலந்துவிட்டது. அதை அவருக்குப் போட்டுக் காட்டினேன்.
6. அக்கா பேசுவதை நிறுத்திக்கொண்டார்.
7. போன மாதம் பாய் ஒரு குழலைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் கொடுத்தார்.

வரிசை போடுவது எனக்குத் தொழில். திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள நூற்பாலைகளுக்குப் போய், ஓடுகிற மோட்டாரின் அதிர்வை அளந்து, எந்த பேரிங் எப்போது போகும் என்று ரிப்போர்ட் எழுதுகிறேன். காதில் பெரிய ஹெட்போனோடு பைக்கில் இருந்து இறங்கும் என்னைப் பார்த்து அக்கா சொல்வார்: "நீயும் காதுக்காரிதான் தாயி. என்ன, ஒனக்குச் சம்பளம் குடுக்குறாங்ய."

மேலே உள்ள வரிசையை மட்டும் படித்தால் அவர் ஏதோ மந்திரக்காரி போலத் தெரியும். நேரில் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றாது. குட்டையான, பருத்த உடம்பு. சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை. கொண்டையில் பென்சில். இமை முடியில் மரத்தூள். இரண்டு மூக்கிலும் கல் மூக்குத்தி. அது மினுங்குகிறதா என்று பட்டறைக் கண்ணாடியில் அடிக்கடி பார்த்துக்கொள்வார். கட்டில் கால், தொட்டில் கட்டை, பூரிக்கட்டை கடைந்து கொடுப்பதுதான் பிழைப்பு. மிஞ்சிய துண்டுகளில் குழல் செய்தார். வேங்கை, கருங்காலி, பழைய நிலைச்சட்டத்துத் தேக்கு. மூங்கிலைத் தொடமாட்டார். "அது பொறக்கும்போதே ஓட்டையோட பொறந்தது. அதுல எனக்கென்ன வேல?"

கேட்பது என்றால் அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பது. மரக்கடையில் கட்டையைப் பார்க்கவே மாட்டார். விரல் கணுவால் தட்டுவார். உள்ளே விரிசல் இருந்தால் இடது கைச் சுண்டுவிரல் மெல்ல எழும்பும். "நான் தூக்கல. அதுவா எந்திரிக்குது," என்பார். டிவி சீரியலையும் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார். நல்லவளாக வருகிற மருமகளை முதல் வாரத்திலேயே "இவதான் வெசம் வப்பா" என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் அப்படியே ஆகும். எப்படித் தெரியும் என்று கேட்டால், "மூஞ்சிய நடிக்க வச்சுரலாம். கொரலு அம்புட்டு லேசுல நடிக்காது."

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பிரசங்கத்தைக் கண் மூடிக் கேட்பார். ஃபாதர் பிரசங்கத்தின் நடுவில் ஓரக்கண்ணால் அந்தச் சுண்டுவிரலைப் பார்த்துக்கொள்வதை நானே கவனித்திருக்கிறேன்.

பூண் பற்றிச் சொல்ல வேண்டும். உலக்கை நுனியில் போடுகிற வளையம்தான் பூண். திண்டுக்கல் வெயிலில் குழல் காயும்போது சிலதில் மயிரிழை போல விரிசல் விழும். பித்தளை வளையத்தைச் சூடாக்கி அந்த இடத்தில் மாட்டிவிட்டால், ஆறும்போது வளையம் இறுகி விரிசலைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் அரக்கு ஏற்றி, பூ வேலை செய்து, மெருகு போடுவார். ஆகவே அவருடைய பட்டறையில் எது அழகான குழலோ அது விரிசல் விட்ட குழல். எங்கே பூண் மின்னுகிறதோ அங்கே உடைந்திருக்கிறது. நல்ல குழல்கள் பூரிக்கட்டை மாதிரி மொட்டையாகக் கிடக்கும்.

விற்பனைக்கு உதவுகிறேன் என்று நான்தான் படமும் ஒலியும் எடுத்து இணையத்தில் போட்டேன். வாங்க வந்தவர்கள் ஒலியைத் திறந்தே பார்க்கவில்லை. எல்லோரும் பூண் போட்டதையே கேட்டார்கள். கொடைக்கானல் மலையில் விடுதி வைத்திருக்கும் ஒருவர் காரில் வந்து இறங்கினார். சுவரில் மாட்டப் பூண் வைத்த குழல்கள் வேண்டும், இருப்பதையெல்லாம் எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

"ஊதுவீகளா?" என்று கேட்டார் அக்கா.

"இல்லம்மா, சும்மா அழகுக்கு."

"அழகுக்குன்னா ஒலக்கைய வாங்கி மாட்டுங்க. அதுலயும் பூண் இருக்கும். இது விக்கிறதுக்கு இல்ல."

அவற்றை அவர் விற்கவே மாட்டார். கொடுப்பார். அதுவும் எல்லோருக்கும் கொடுப்பதில்லை.

அந்தக் குழல்களை நான் அளந்து பார்த்திருக்கிறேன். சுருதி சுத்தமாக இருக்கும். ஒரு சுரத்தில் மட்டும், ஒலியின் ஓரத்தில், சிறியதாக ஒரு மேடு வரைபடத்தில் எழும்பும். காதால் கேட்டால், பக்கத்து அறையில் யாரோ மூச்சு விடுவது போல இருக்கும். முதல் தடவை கேட்டபோது நான் திரும்பிப் பார்த்தேன். பக்கத்து அறையில் கட்டில் கால்கள்தான் சாத்தி வைக்கப்பட்டிருந்தன.

மளிகைக் கடைக்காரர் நல்ல திடமான ஆள். அரிசி மூட்டையைத் தனியாகத் தூக்குவார். தனக்குக் கிடைத்த குழலைச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டி வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். டீச்சர் தன் குழலை மடியில் வைத்துத் தடவியபடி என்னிடம், "பழைய தமிழ்ல பூண்னா நகைன்னு அர்த்தம்டா. ஒரே வார்த்தை, பாரேன்," என்று சந்தோஷப்பட்டார். டீச்சர் இறந்த பிறகுதான் தெரு இரண்டையும் சேர்த்துப் பார்த்தது.

கண் வைப்பது எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் தெருவில் மட்டும் "காது வைப்பது" என்று ஒன்று உண்டானது. அவரைப் பற்றி, "காது வச்சுட்டா" என்றார்கள். அவர் பட்டறையில் இருந்து கிளம்பினால் தெரு ஒரு முனையில் இருந்து அடங்கிக்கொண்டே வரும். அவர் கடந்த பிறகு பின்னால் ஒவ்வொரு வீடாகப் பேச்சு கிளம்பும். கரண்ட் போய் வருவது போல. காய்கறி வண்டிக்காரர் பட்டறை வாசலில் மட்டும் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டுத் தள்ளிக்கொண்டு போவார். சண்டை போட்டுக்கொண்டிருக்கிற புருஷனும் பெண்டாட்டியும் அவரைக் கண்டால் வாயை மூடிக்கொண்டு கைகளால் திட்டிக்கொள்வார்கள்.

டீக்கடை மாஸ்டர் சர்க்கரை போடவா வேண்டாமா என்பதைக்கூட விரலால் கேட்டார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏலே மாஸ்டரு, ஊமையாயிட்டியா? ஒங் கொரல நான் தெனமும் படுக்கையில இருந்தே கேக்குறேன். ஒனக்கு ஒண்ணும் இல்ல. ஒன் டீக்குத்தான் ஒடம்பு சரியில்ல."

அன்றிலிருந்து அவர் முன்னால் வாய் ஓயாமல் பேசிய ஒரே ஆள் மாஸ்டர்தான்.

என் அம்மா உப்பும் மிளகாயும் எடுத்து எனக்குச் சுற்றிப் போட ஆரம்பித்தார். வழக்கமாக முகத்தைச் சுற்றுவார்கள். அம்மா இரண்டு காதையும் சுற்றினார். அப்பா கேட்டார், "இவ காதையா அந்தப் பொம்பள எடுக்கப் போகுது? கொரலத்தான கேக்குது, தொண்டையச் சுத்து." அம்மாவுக்கு அது நியாயமாகப் பட்டது. மறுநாள் தொண்டையைச் சுற்றினார்.

நான் மட்டும் போய்க்கொண்டிருந்தேன். என்னிடம் அளக்கும் கருவி இருந்தது. காரணம் இல்லாமல் ஒன்று நடக்காது என்று நம்பினேன். கறிக்கடை பாய் அதற்கு ஒத்துழைத்தார்.

"அக்கா ஈரல் வாங்க வந்துச்சும்மா. 'எம்புட்டுக்கா வேணும்'னுதான் கேட்டேன். கண்ண மூடிக்கிருச்சு. வெரலு எந்திரிச்சுருச்சு. மறுநா குழலு வந்துருச்சு. எங்க வீட்டுல அழுத அழுகையில நான் மதுரைக்கு ஓடுனேன். நெஞ்சுக்குள்ள அடைப்பு. கம்பி வளையம் ஒண்ணு வச்சு விட்டாங்க." பாய் மார்பைத் தட்டிக் காட்டினார். "பூணுக்குப் பூணு."

இதை வைத்து அக்காவிடம் நேராகவே கேட்டேன். உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா?

"விரிசல்னு தெரியும். எந்த எடத்துலன்னு தெரியாது. மரத்துக்கும் அம்புட்டுத்தான்."

"மளிகைக் கடைக்காரர்கிட்ட வாயால சொல்லியிருக்கலாமேக்கா."

"என்னன்னு சொல்ல? 'நீ நல்லா இருக்க, ஒங் கொரலு நல்லா இல்ல'ன்னா? செருப்பக் கழட்டியிருப்பான். அதான் குழலாக் குடுத்தேன். பூணப் பாத்துட்டு, 'இத எதுக்கு இங்க போட்டுருக்க'ன்னு ஒரு வார்த்த கேப்பான்னு பாத்தேன்." கடைசல் மெஷினில் இருந்து தூளை ஊதிவிட்டார். "அழகா இருக்குன்னுட்டுப் போயிட்டான்."

பாயின் பெண்டாட்டி ஒருத்திதான் குழலைப் பார்த்துப் பயந்திருக்கிறாள். மற்றவர்கள் ரசித்தார்கள்.

ஒலிப்பதிவு செய்தது ஒரு மத்தியானம். மின்தடை, அதனால் மெஷின் சத்தம் கிடையாது. நான் மில்லில் இருந்து நேராக வந்திருந்தேன். தொண்டையில் பஞ்சு ஒட்டிய மாதிரி இருந்தது. அது வழக்கம்தான். செங்கருப்பு வேங்கையில் ஒரு குழல், மொட்டையானது, பூண் இல்லாதது. அக்கா ஊத, நான் பதிந்தேன். பதிவை நிறுத்த மறந்ததால் பேச்சும் உள்ளே போய்விட்டது. அதில் இருப்பது இவ்வளவுதான்:

நான் செருமுகிறேன். "அக்கா, இந்தக் குழலுக்கு என்ன பேரு போடட்டும்?"

"மரத்துக்கு என்னத்தா பேரு? வேங்கன்னு போடு."

"பேரு வச்சாத்தான் விக்கும்க்கா."

"அப்ப ஒம் பேரயே போடு."

நான் சிரிக்கிறேன். பதிவு முடிகிறது.

குழல் பதிவில் எப்படி விழுந்திருக்கிறது என்று கேட்க அக்கா விரும்பினார். போட்டுக் காட்டினேன். பேச்சை வெட்டவில்லை. எதிரே ஸ்டூலில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. செல்போன் திரையில் ஓடிய அலைக்கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடி முடிந்ததும் நிமிர்ந்தேன். சுண்டுவிரல் எழும்பியிருந்தது.

"இதுல ஒரு கொரலுக்குப் பூண் போடணும்," என்றார்.

தன் குரலைப் பதிவில் அவர் கேட்டதே இல்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்கு அது யாரோ ஒரு பெண்ணின் குரல். தனக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டதை அறியாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். மறைக்கத் தோன்றவில்லை.

"அக்கா, அது உங்க குரல்தான்."

கண்ணைத் திறந்தார். என்னையே பார்த்தார். அவர் யாரையும் அவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை.

"எங் கொரலா? இம்புட்டு மெலிசாவா இருக்கு?"

"எல்லாருக்கும் சொந்தக் குரல் வேற மாதிரிதான் கேக்கும். நம்ம காதுக்கு அது எலும்பு வழியாவும் வருது, அதனாலதான்."

"இன்னொருக்காப் போடு."

போட்டேன். இந்தத் தடவை அவர் கண்ணை மூடவில்லை. முடிந்ததும் வேங்கைக் குழலை எடுத்துத் துணியில் சுற்றினார்.

"சரி. எங் கொரலுன்னே வச்சுக்க."

ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றுதான் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "நீ கூட வந்தா வாரேன்," என்றார். மதுரையில் தொண்டைக்குள் குழாய்க் கேமராவை விட்டுப் பார்த்தார்கள். நெஞ்சுப் படம், ரத்தம் எல்லாம் பார்த்தார்கள். டாக்டர், "உங்க தொண்டை இந்த வயசுக்கு ரொம்ப நல்லா இருக்கும்மா," என்றார். நான் ஆசுவாசமாக மூச்சு விட்டேன். அக்கா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஏற்கெனவே தெரிந்த விஷயத்தைக் கேட்பவர் போலத் தலையாட்டினார்.

வெளியே வரும்போது, "வந்தது வந்துட்டோம். நீயும் ஒருக்காக் காமிச்சுக்கிட்டாத்தான் என்ன?" என்றார்.

"எனக்கென்னக்கா?"

"சும்மாதான். பஞ்சுக்குள்ளயே கெடக்குற."

"அது லீவு விட்டாப் போயிரும்."

பஸ்ஸில் ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்தார். கொஞ்ச தூரம் போனதும், "பேசு தாயி," என்றார். என்ன பேச என்று கேட்டேன். "எதையாச்சும் பேசிக்கிட்டே வா." மில்லைப் பற்றிப் பேசினேன், அம்மா தொண்டையைச் சுற்றிப் போடுவதைப் பற்றிச் சொன்னேன். வாடிப்பட்டி, கொடைரோடு எல்லாம் கடந்து போயின. அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே வந்தார். இடது கையை வலது கையால் இறுகப் பிடித்திருந்தார். சுண்டுவிரல் உள்ளே அடங்கியிருந்தது. பஸ் குலுக்கலுக்காகப் பிடித்திருக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

திண்டுக்கல்லில் இறங்கியபோது, "போயிட்டு வா," என்றார். அதன்பின் அவர் பேசி யாரும் கேட்கவில்லை.

அக்காவின் குரலே அவரைப் பயமுறுத்திவிட்டது என்று தெரு முடிவு கட்டியது. சிலருக்கு அதில் திருப்தியும் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், அவர் வாயை மூடியதும் மற்றவர்கள் திறந்துவிட்டார்கள். காய்கறி வண்டி முழுச் சத்தத்தோடு பட்டறையைக் கடந்தது. டீக்கடை மாஸ்டர் மட்டும், "ரெண்டு வார்த்த திட்டிட்டுப் போக்கா," என்று கெஞ்சிப் பார்த்தார். அக்கா சர்க்கரை குறைவு என்று விரலால் காட்டினார்.

பிறகு பட்டறையைப் பூட்டிவிட்டு, சித்தையன்கோட்டையில் தனியாக இருந்த தங்கையிடம் போய்விட்டார். நல்ல முடிவு என்றார் அம்மா.

போன மாதம் பாய் அந்தப் பக்கம் ஆடு பிடிக்கப் போயிருக்கிறார். திரும்பி வந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் செய்தித்தாள் சுற்றிய பொட்டலம். வழக்கமாக வாசலிலேயே கலகலவென்று பேசுகிறவர், மெதுவாகப் பேசினார்.

"அக்கா குடுத்து விட்டுச்சும்மா."

"யாருக்கு?" என்று கேட்டது அம்மா.

"வாயத் தெறக்கலங்க. ரெண்டு காதையும் கையால மூடிக் காட்டுச்சு. ஹெட்போன் போடுற பொண்ணுக்குன்னு நான் புரிஞ்சுக்கிட்டேன்."

பிரித்தேன். அதே வேங்கைக் குழல். நடுவில் ஒரு பூண். அதைச் சுற்றி அரக்கில் சின்னச் சின்னப் பூக்கள். அவர் செய்ததிலேயே இதுதான் மிக அழகு. அம்மா உப்பு எடுக்க உள்ளே ஓடினார். அப்பா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அழகா இருக்கே," என்றார். பாய் என் முகத்தைப் பார்த்தார். நான் பாயின் முகத்தைப் பார்த்தேன்.

அறைக்குப் போய், ஊதி, அளந்தேன். பழைய பதிவில் இந்தக் குழலில் மேடு கிடையாது. இப்போது இருக்கிறது. மரம் இடையில் காய்ந்திருக்கலாம். அப்படித்தான் குறித்து வைத்தேன். பிறகு பழைய பதிவை முழுதாக ஓட விட்டேன், முதல் தடவையாகத் திரையைப் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு.

'இதுல ஒரு கொரலுக்கு' என்றுதான் அவர் சொன்னார். பதிவில் இருப்பது இரண்டு குரல். நான் ஒன்றைத்தான் எண்ணியிருந்தேன். கருவியைப் பிடித்திருக்கிறவளை அளவில் சேர்ப்பதில்லை, எங்கள் வேலையில் அது பழக்கம். அவர் சேர்த்திருந்தார். தன் குரல் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. என் குரல் தெரியாமல் இருந்திருக்க வாய்ப்பே இல்லை. மதுரைக்கு வந்தது என்னைக் காட்டத்தான், வாயை மூடிக்கொண்டது திறந்தால் என்னிடம் சொல்ல வேண்டியிருக்கும் என்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

கண்ணை மூடி எத்தனை தடவை கேட்டாலும் என் குரலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு செருமல். அதன்பின் ஒரு சிரிப்பு.

இப்போதைய நிலை இது. நான் போன் செய்தால் அக்கா எடுக்கிறார். பேசுவதில்லை. நான்தான் பேசுகிறேன், சாப்பிட்டதை, மில்லில் நடந்ததை, ஏதாவது. மூச்சுச் சத்தம் வருகிறது, பிறகு வைத்துவிடுகிறார். போன தடவை நான் பேசி முடித்த பிறகும் வெகுநேரம் வைக்கவில்லை. செருமல் மில்லுக்குப் போகாத நாட்களிலும் இருக்கிறது. அவரைப் பார்த்த அதே டாக்டரிடம் திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். பாய் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார். குழல் என் மேஜையில் இருக்கிறது. காலையில் எழுந்ததும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறேன். விரிசல் பூணுக்கு வெளியே இன்னும் வரவில்லை.